பொலிமேரைக் கல்லுக்கு அந்தாண்ட

கொல்லமேடு,
விஜயபுரம் மண்டலம், சித்தூர் ஜில்லா
27.5.1996

என் அக்கா மக செங்கம்மாவுக்கு,

கங்கம்மா கோயில் பூசாரி, உன் மாமன் வீராசாமி எழுதறது. நான் எழுதினா நீ படிக்காமலே கிழிச்சிப் போடுவேன்னு உன் நாத்தனா யசோதா சொல்றா. கிழி. ஆனா படிச்சிட்டுக் கிழி.

குவைத்துக்குப் பொறப்பட்ட அன்னிக்கு உன்ன வேணாம்னு சொன்னது கோவத்துல இல்லம்மா. உன் புருசன் ஹரிபாபு லாரியில அடிபட்டுப் போய் வருசம் கூட திரும்பல. இடுப்புல ஒரு பொண்ணு. நகரியில பவர்லூம் கீதே, அங்க போயேன்னு சொன்னேன், அவ்ளோ தான். நீ மூஞ்சத் திருப்பிக்கினு, "போறேன்"னு சொல்லிட்டு ஆட்டோல ஏறிட்டே. நம்ப ஊட்டுல யாருனா "போறேன்"னு சொல்லுவாங்களா? "போயிட்டு வரேன்"னு சொல்ல உனக்கு வாய் வரல. அது எனக்கு இன்னும் குத்திக்கினே கீது.

சேதிக்கு வர்றேன். ஜாத்திரை நல்லபடியா முடிஞ்சது. தப்பட்ட அடிச்சி சாட்டிம்பு போட்டு, காப்பு கட்டி, ஊர் எல்லையில கீற பொலிமேரைக் கல்லு ஒவ்வொண்ணா பூசணிக்கா ஒடச்சி எல்லையக் கட்டினேன். கடைசிக் கல்லக் கட்டறதுக்கு முன்னால, வெளியூர்ல கீற நம்ப புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கணும்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லுவோம். பேரு சொல்றது வழக்கம் இல்ல. உன் பொண்ணு ரூபா என் வேட்டியப் புடிச்சிக்கினு, "எங்க அம்மாவ உள்ள கூப்பிடு தாத்தா"ன்னு ஒரே அழுகை. கொழந்த அப்படி அழுவுறப்ப நான் எந்த வழக்கத்தப் பாக்கறது? "செங்கம்மா, உள்ள வா"ன்னு சொல்லிட்டுத் தான் கல்லக் கட்டினேன். நீ எங்க கீறியோ, அந்த வார்த்தை உன்னக் காப்பாத்தும்.

ஜாத்திரை முடிஞ்சி எல்லாருக்கும் காப்பு அவுத்தாச்சி. என் கையில இருக்கிற காப்பு மட்டும் வரல. மஞ்சக் கயிறு தான், கத்தி வெச்சா கத்தி வழுக்குது. காப்புக் கையோட பூசாரி எல்லையத் தாண்டக் கூடாது, தாண்டினா அவனுக்குத் திரும்ப ஊர் கெடைக்காதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கற்பூரம் வாங்க நகரிக்குப் போவ முடியாம உக்காந்துக்கினு கீறேன். ஊரே சிரிக்குது.

இன்னொண்ணு. ரூபா உச்சி வேளையில அம்மா வந்துச்சி, அம்மா வந்துச்சின்னு சொல்லிக்கினு திரியறா. கொழந்த பேச்சு, உடு. ஆனா அவ தலையில யாரோ நாலு கால் பின்னல் போட்டு உட்டுக்கீறாங்க. உன்னத் தவிர இங்க யாருக்கும் அது தெரியாதே. யாருக்குனா சொல்லிக் குடுத்தியா? எழுது.

உன் மாமன்,
வீராசாமி

---

சால்மியா, குவைத்
20.6.1996

மாமா,

கிழிக்கல. ரெண்டு தடவை படிச்சேன். அன்னிக்கு நீ சிரிச்ச முகத்தோட ஒரு குங்குமம் வெச்சிருந்தா நானும் "போயிட்டு வரேன்"னு சொல்லியிருப்பேன். அதை விடு.

அந்தப் பின்னலை நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. யார் அந்தப் பொம்பளை? யசோதா அண்ணி யாரையாவது வேலைக்கு வெச்சிருக்காங்களா? கேட்டு எழுது. என் பொண்ணு தலையில இன்னொருத்தி கை வைக்கிறது எனக்குச் சுத்தமா புடிக்கல.

இங்க நடக்கிறதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உன்கிட்ட சொல்றேன். சிரிக்காதே. இந்த வீட்டுல என் பேரு மரியம். செங்கம்மான்னு சொல்ல மேடத்துக்கு வராது. நாள் முழுக்க மரியம், மரியம்னு கத்திக்கினு இருப்பாங்க. போன மாசம் ஒரு நாள் காலையில பாத்திரம் தேய்க்கும்போது யாரோ என் சொந்தப் பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்ல. அன்னையில இருந்து மேடம் மரியம்னும் கூப்பிடறதில்ல. முதல்ல நிம்மதியா தான் இருந்துச்சு. திட்டு இல்ல பாரு.

அப்புறம் தான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. டீ கொண்டு போய் நீட்டினா, மேசை மேல இருந்து எடுக்கிற மாதிரி என் கையில இருந்து எடுத்துக்கிறாங்க. குடிச்சு முடிச்சிட்டு, டீ இன்னும் வரலையேன்னு டிரைவரைக் கேக்கிறாங்க. சூப்பர் மார்க்கெட்டுல ஆள் கிட்ட போனா தானா திறக்கிற கண்ணாடிக் கதவு இருக்கு. அது எனக்குத் திறக்கல. பின்னால ஒரு அரபிக்காரர் வந்தாரு, அவருக்குத் திறந்துச்சு, நான் ஒட்டிக்கினு நுழைஞ்சேன். நேத்து இந்த வீட்டுச் சின்னப் பையன் ஓடி வந்து சோபான்னு நெனச்சு என் மடியில உக்காந்து டி.வி. பார்த்தான். நான் பேசினேன். டி.வி. சத்தத்தை ஏத்தி வெச்சான்.

எனக்குப் பயமா இருக்கு மாமா. நான் செத்துட்டேனா? அப்படின்னா கை ஏன் இப்படி வலிக்குது?

செங்கம்மா

---

கொல்லமேடு
8.7.1996

அம்மாடி செங்கம்மா,

நீ சாவல. அந்தப் பேச்ச இனிமே எழுதாதே. நான் சொல்றதக் கொஞ்சம் மனச தைரியம் பண்ணிக்கினு படி.

உன் காயிதம் வந்த மறுநாள், உச்சி வெயில்ல யசோதா ஊட்டுப் பின்னால போய்ப் பாத்தேன். வேப்ப மரத்தடியில நீ உக்காந்துக்கினு கீறே. ஏர்போர்ட்டுக்குக் கட்டிக்கினு போன அதே பச்சச் சேலை. மடியில ரூபா. சோத்தப் பிசைஞ்சி உருட்டி அவளுக்கு ஊட்டிக்கினு இருந்தே. நெழல் விழுந்துச்சி, பாத்தேன். உன் கழுத்து மச்சத்தையும் பாத்தேன். நீ ஒரு வாய் துன்னல.

எனக்குப் பயம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன். இத்தன காலம் சாமிக்கு வெளக்கேத்தினவன், இப்படி ஒண்ண எதிர்ல பாத்ததில்ல. அது என்னப் பாத்துச்சி. வாய் அசைஞ்சது, சத்தம் வரல. "மாமா"ன்னு தான் சொல்லிக்கீது, உதட்டப் பாத்தா தெரியாதா? அப்புறம் எனக்கு எப்படிப் பயம் இருக்கும் சொல்லு. கோயில்ல இருந்து தண்ணி கொண்டாந்து வெச்சேன். குடிக்கல, கையக் கழுவிக்கிச்சி.

வெயில் சாஞ்சதும் எழுந்துச்சி. நான், "போயிட்டு வாம்மா"ன்னேன். பொலிமேரைக் கல்லு வரைக்கும் போச்சி. கல்லாண்ட பாத்தேன், காணோம். மறுநாள் உச்சிக்கு அதே மரத்தடியில கீது. போயிட்டு வான்னு சொன்னா வரத்தானே செய்யும்? நான் ஒரு மடையன்.

ஊருக்குத் தெரிஞ்சி போச்சி. பழைய பஞ்சாயத்து சர்பஞ்சு கிருஷ்ணப்பா ஆளுங்களக் கூட்டிக்கினு கோயிலுக்கு வந்தாரு. ஊருக்குள்ள பேய் நடமாடுதுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான், கேபிள் கனெக்சன் குடுக்க வந்தவனே ஓடிப் போயிட்டான், வேப்பெலை அடிச்சி விரட்டு பூசாரின்னாரு. நான் முடியாதுன்னேன். "அது பேய் இல்ல, நம்ப ஊட்டுப் பொண்ணு. கூப்பிட்டவன் நான்"னு சொன்னேன். பூசாரின்னா விரட்டறவன்னு தான் எல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க.

எனக்குப் புரிஞ்சத சொல்றேன். ஒடம்பு அங்க கீது. நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் உன்னுல பாதி எழுந்து இங்க வந்துட்டுது. உன் காயிதத்துல எழுத்து வேற வெளுத்துப் போய்க் கீது. வெயில்ல புடிச்சித் தான் படிச்சேன். இங்க்கு மாத்து. இல்ல, மாத்தினாலும் ஒண்ணும் ஆவாதுன்னு தான் எனக்குத் தோணுது.

வீராசாமி

---

சால்மியா
30.7.1996

மாமா,

இங்க்கு மாத்தினேன். கறுப்புப் பேனாவால அழுத்தி எழுதறேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள மேல் வரி மங்குது. உனக்கு வந்து சேரும்போது என்ன மிஞ்சுமோ, அதனால முக்கியமானதை முதல்ல சொல்லிடறேன். அதை அனுப்பிடாதே. ரூபாகிட்ட இருந்து அதைப் பிரிக்க வேணாம். கெஞ்சிக் கேக்கிறேன்.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு நாள் பூரா அழுதேன். பயத்துல இல்ல, சந்தோசத்துல. என் பொண்ணுக்கு நான் சோறு ஊட்டறேன் மாமா! இங்க வந்ததில இருந்து ஒரு நாள் கூட அந்த நெனப்பு இல்லாம நான் தூங்கினதில்ல. இங்க இருக்கிற என்னால அவளுக்கு என்ன லாபம்? மேடம் சிலோன்ல இருந்து புதுசா ஒரு பொம்பளையைக் கொண்டு வந்துட்டாங்க. அவ என் பாயை விரிச்சு என் மேலயே படுக்க வர்றா, நான் தள்ளிப் படுக்கிறேன். சாப்பாட்டுல உப்பு தெரியல. சீவினா சீப்புல முடி வரல. கடற்கரை மணல்ல நடந்தா அடி விழல. போகட்டும். நல்ல பாதி அவகிட்ட இருக்கில்ல? மீதி எப்படிப் போனா என்ன?

கிருஷ்ணப்பா சொல்றதைக் கேக்காதே. என் மேல உனக்குக் கொஞ்சமாவது பாசம் இருந்தா, அது அங்கேயே இருக்கட்டும்.

செங்கம்மா

---

கொல்லமேடு
19.8.1996

செங்கம்மா,

உன் காயிதம் வந்துச்சி. வெள்ளத் தாள். வெயில்ல புடிச்சேன், வெளக்குல புடிச்சேன், மஞ்சத் தண்ணி கூட தெளிச்சிப் பாத்தேன். "ரூபா"ன்னு ஒரு எடத்துல தெரியுது. "வேணாம்"னு ஒரு எடத்துல. இன்னா வேணாம்? அத வெச்சிருக்க வேணாம்னு சொல்றியா, அனுப்ப வேணாம்னு சொல்றியா? தாளத் திருப்பித் திருப்பிப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்தது தான் மிச்சம்.

இங்க நெலம கெட்டுப் போச்சி. ரூபா பேசறத நிறுத்திட்டா. மொதல்ல கம்மியாச்சி, இப்ப சுத்தமா இல்ல. அந்த அம்மா மாதிரியே வாய அசைக்கிறா, சத்தம் வரல. இஸ்கூல்ல வாத்தியார் அடிச்சிக் கூட பாத்துட்டாரு, பாவி. யசோதா என் கால்ல வுழுந்து அழுவுறா. வெயில்ல நடந்து வந்தா ரூபாவோட நெழல் கொஞ்சம் வெளுத்துத் தெரியுது. என் கண்ணு கோளாறா இருக்கணும்னு கங்கம்மாவ வேண்டிக்கினு கீறேன்.

கிருஷ்ணப்பா சித்தூர்ல இருந்து ஒரு மந்திரக்காரன ஏற்பாடு பண்ணிட்டாரு. வர்ற அமாவாசைக்கு வரானாம். கல்லாண்ட நிறுத்தி "போ"ன்னு சொல்லி அடிச்சி அனுப்புவானாம். அது இன்னா சாதாரண வார்த்தையா? "வா"ங்கறது இல்லாம மொட்டையா "போ"ன்னு நாம செத்தவங்களுக்குத் தான் சொல்றோம். உள்ள கூப்பிட்டவளுக்கு அத சொல்லிட்டா, அதோட அவளுக்கு இந்த ஊர் முடிஞ்சது. நீ விமானம் ஏறி வருவே, நகரி வரைக்கும் வருவே, கல்லத் தாண்ட முடியாது. பொண்ணு உள்ள, நீ வெளிய. சாவற வரைக்கும்.

போன்னு சொன்னா உனக்கு ஊர் இல்ல. போயிட்டு வான்னு சொன்னா திரும்பி வரும், நீயும் மங்கி, ரூபாவும் மங்கிப் போயிடுவா. உன்னக் கேட்டுத் தான் செய்யணும். கேட்டா உன் பதிலப் படிக்க முடியல. இப்படி ஒரு எடத்துல கொண்டாந்து என்ன நிறுத்திட்டாளே அந்தக் கங்கம்மா! அவகிட்ட சண்டை போட்டுக்கினு கீறேன்.

மாமன்

---

சால்மியா
12.9.1996

மாமா,

அனுப்பிட்டே. அவ்வளவு கெஞ்சியும் அனுப்பிட்டே, இல்ல?

காலையில வெங்காயம் நறுக்கிக்கினு இருந்தேன். பக்கத்துல நின்னு கூப்பிடற மாதிரி உன் குரல். "செங்கம்மா, வா"ன்னு. கத்தி கையில வெட்டிடுச்சு. ரத்தம் வந்துச்சு, எரிஞ்சுது. சிலோன்காரி என்னைப் பார்த்து அலறிட்டா, யார் நீ, எப்படி உள்ள வந்தேன்னு. மேடம் ஓடி வந்து மரியம்னு கத்தினாங்க, அப்புறம் இத்தனை நாளா எங்க போயிருந்தேன்னு கத்தினாங்க. திட்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு. சாப்பாட்டுல உப்பு கூடத் தெரியுது.

எனக்குச் சந்தோசம் இல்ல. என் பொண்ணுக்கு இப்ப யார் இருக்கா? நீ "போ"ன்னு சொல்லிட்டியா? சொல்லியிருந்தா நான் எந்த ஊருக்குத் திரும்பறது? அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்னு தானே எழுதினேன்? நீயும் மத்த பூசாரிங்க மாதிரி தான். உடனே பதில் போடு. யசோதா அண்ணிக்கும் எழுதியிருக்கேன்.

செங்கம்மா

---

கல்யாண சத்திரம்,
நாராயணவனம்
10.10.1996

அம்மாடி,

நீ ஊருக்கு எழுதின காயிதத்த யசோதா இங்க குடுத்தனுப்பினா. எழுத்து கறுப்பா, குத்து குத்தா கீது. எவ்ளோ திட்டிக்கீறே! படிச்சி எனக்கு வயிறு நெறைஞ்சி போச்சி.

நான் "போ"ன்னு சொல்லல. கேளு.

மந்திரக்காரன் வர்றதுக்கு மொத நாள் உச்சியில வேப்ப மரத்தாண்ட போனேன். ரூபாகிட்ட குந்தி, இந்த அம்மாவுக்கு அந்த ஊர்ல ஒடம்பு சரியில்ல, அனுப்பி வெச்சா சரியாப் போவும், அனுப்பலாமான்னு கேட்டேன். கொழந்த அது மூஞ்சப் பாத்தா. அப்புறம் புடிச்சிக்கினு இருந்த சேலைய உட்டா. நான் முன்னால நடந்தேன், அது பின்னால வந்துச்சி. தெருவுல ஒருத்தன் கல்லத் தூக்கினான், நான் பாத்தேன், கீழ போட்டுட்டான்.

பொலிமேரைக் கல்லாண்ட அது நின்னுடுச்சி. நான் தாண்டிட்டேன். காப்புக் கையோட தான். அந்தாண்ட நின்னுக்கினு திரும்பி, "செங்கம்மா, வா"ன்னேன். போன்னும் சொல்லல, போயிட்டு வான்னும் சொல்லல. வெளிய நின்னுக்கினு வான்னா அது வெளிய வரத்தானே வேணும்? அழுதுக்கினே வந்துச்சி. என் தலையில கை வெச்சிது, சில்லுன்னு இருந்துச்சி. அப்புறம் இல்ல. காப்பு தானா அவுந்து மண்ணுல கெடந்துச்சி.

திரும்பிப் பாத்தேன். ஊர் இல்ல. வேர்க்கடலக் கொல்ல தான் கீது, கண்ணுக்கு எட்டின வரைக்கும். கோயில் கோபுரம் இல்ல, டேங்கு இல்ல. ஆளுங்க பேசறது மட்டும் காத்துல கேக்குது. நடந்து நடந்து பாத்தேன், வந்த எடத்துக்கே வர்றேன். பஸ்ல ஏறினா தூக்கம் வந்துடுது, முழிச்சா அடுத்த ஸ்டாப்பு. யசோதா தான் வெளிய வந்து என் துணிமணிய குடுத்துட்டுப் போனா. கோயிலுக்கு ஆரணியில இருந்து வேற பூசாரி வந்துட்டானாம். நல்லவன்னு சொல்றாங்க.

நீ எழுதினது இன்னான்னு இப்ப தெரிஞ்சிக்கினேன். அப்பவே படிச்சிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன். அது கொழந்தைக்கு சோறு ஊட்டும், பின்னல் போடும். ஆனா அவளுக்கு ஜொரம் வந்தா அதால கத்தி ஆள் கூப்பிட முடியுமா? உன்ன முழுசா அவகிட்ட சேர்க்கணும், அது தான் எனக்கு வேணும்.

இங்க சத்திரத்துல கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தண்ணி எடுத்து ஊத்தறேன். தெனம் சாம்பார் சாதம். கங்கம்மாவ நெனச்சா தான் அழுகை வருது. யாரு தலை சீவி உடுவாங்களோ, அவளுக்கு என் கை தான் பழக்கம்.

நீ வா. உனக்கு வழி அடைக்கல.

வீராசாமி

---

கொல்லமேடு
16.3.1997

மாமா,

வந்துட்டேன். பஸ்ஸு பொலிமேரைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கினேன். திறந்தேன், ஊர் இருந்துச்சு. கோயில் வாசல்ல புதுப் பூசாரி நின்னுக்கினு இருந்தாரு. எனக்கு அவரைப் பார்க்கப் புடிக்கல, அவர் மேல தப்பில்லன்னாலும்.

ரூபா என்கிட்ட வரல. கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தா. நீ அதை அழைச்சிக்கினு போன அப்புறமும் இன்னும் அவ ஒரு வார்த்தை பேசலன்னு அண்ணி சொன்னாங்க. வாய் மட்டும் அசையுது. பொம்மை குடுத்தேன், சாக்லேட் குடுத்தேன், வாங்கிக்கினு ஓடிட்டா. பச்சைச் சேலை கட்டினேன், இன்னும் தூர ஓடினா. நான் தப்பு பண்ணிட்டேன், மாமா தப்பு பண்ணிட்டாரு, எல்லாரும் சேர்ந்து இவளைப் பாழாக்கிட்டோம்னு அழுதேன்.

இன்னிக்கு மத்தியானம் வேப்ப மரத்தடியில தனியா உக்காந்து சோறு துன்னுக்கினு இருந்தேன். மெதுவா வந்து எதிர்ல உக்காந்தா. என் வாயையே பார்த்தா. நான் மெல்லற சத்தத்தைக் கேட்டுக்கினு இருந்தான்னு நெனைக்கிறேன். அப்புறம் அவ தொண்டையில இருந்து, துரு புடிச்ச கதவு மாதிரி ஒரு சத்தம்.

"நீ பேசற அம்மாவா?"

ஆமாம்னு சொன்னேன். சொன்னேனா, அழுதேனா, தெரியல.

"அப்போ பேசு"ன்னா.

எதைப் பேசறதுன்னு தெரியல மாமா. அந்த வீட்டைப் பத்தி என்ன சொல்ல? உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். சின்ன வயசுல நீ என்னைத் தோள்ல தூக்கிக்கினு நகரி சந்தைக்குப் போனது, என் கல்யாணத்துல சம்பந்திங்களோட சண்டை போட்டு சோறு துன்னாம போனது. கல்லைத் தாண்டி நின்னு என்னைக் கூப்பிட்டதையும் சொன்னேன். நடுவுல நிறுத்தினா என் கன்னத்தைத் தட்டறா. அடுத்த ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கினு நாராயணவனம் வர்றோம். இப்ப என் மடியில தான் இருக்கா, இந்தக் கடிதத்தையும் ஒவ்வொரு வார்த்தையா வாய் விட்டுச் சொல்லிக்கினே தான் எழுதறேன்.

செங்கம்மா